சொல்லே தூதாக: மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

திருச்சுழி மௌனத்தைப் பெற்றெடுத்த ஊர். 1879-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இவ்வூரில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் திருவண்ணாமலையில் இரமண மகரிசியாகி, பேசாமையையே பெரும் போதனையாக உலகிற்கு வழங்கினார். சுந்தரரின் பதிகம் பெற்ற திருமேனிநாதர் கோயிலும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறும் உடைய இம்மண்ணில் நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காண்கிறது. இந்நன்னாளில், மௌனத்திற்கு மறுகரையில் நின்று, சொல் ஒன்றையே கருவியாகக் கொண்டு வாழ்ந்த ஒரு தமிழரின் வரலாற்றைக் கவிஞர் பெருமக்களாகிய உங்கள்முன் வைக்க விழைகின்றேன். அவர்தாம் மகாகனம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

சொல்லால் தூது சென்றோர் மரபு நமக்குப் புதிதன்று. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அம்மரபின் தலைநின்றவர். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் தூதிற்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். சொல்வன்மை உடையார் அனைவரும் தூதராகிவிட முடியாது என்பதை அவ்வகைப்பாடே உணர்த்தும். பேச்சுக்கு நா போதும். தூதிற்கு முன்னேற்பாடு வேண்டும். எவரைக் கண்டு, எதனை, எந்நேரத்தில், எவ்வளவு சொல்வது என்னும் அறிவு வேண்டும். சாஸ்திரியாரின் தென்னாப்பிரிக்கப் பணியை இக்கண்கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனி உரிமை உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்நிலத்தார் கொழும்பையும் பினாங்கையும் இரங்கூனையும் நோக்கிக் கப்பல் ஏறினர். சிலர் கூலிகளாகச் சென்றனர். சிலர் கடை வைத்தனர். அயல்நாட்டில் கடை வைத்தவனுக்குச் சரக்கு கெடுமோ, கடன் திரும்புமோ என்ற கவலை மட்டும் இருப்பதில்லை. நாளை இவ்வூரில் நம்மை இருக்கவிடுவார்களா என்ற கவலை அவனை உறங்கவிடாது. அந்தக் கவலையைத் தணிக்கச் சென்றவரின் வரலாறு இது.

பிறப்பும் கல்வியும்

தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சாஸ்திரியார் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். பத்து நாள் மூத்தவராகிய சாஸ்திரியாரைக் காந்தியடிகள் அண்ணனாகவே கருதினார். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள், அன்பில் உடன்பிறந்தார். ஒத்துழையாமையைச் சாஸ்திரியார் ஒருநாளும் ஏற்றதில்லை. காந்தியடிகளிடம் கொண்ட அன்பை ஒருநாளும் விட்டதுமில்லை.

புரோகிதக் குடும்பத்து வறுமையிடையே கும்பகோணத்தில் பயின்று, 1888-இல் இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறினார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியப் பணியாற்றியபின் சென்னைக்கு வந்து, 1894-இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஒலியழுத்தம் பிழைபட்டாலும் பொறாத ஆசிரியர் என்று அவரைக் குறிப்பர். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். அரிசியும் பருப்பும் நேரிய விலைக்கு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அன்று தொடங்கிய அச்சங்கம், இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. மேடையில் பேசுபவர் என்றே அறியப்பட்ட சாஸ்திரியார் கணக்கும் கடையும் அறியாதவர் அல்லர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

கோபால கிருஷ்ண கோகலேயிடம் கொண்ட ஈடுபாட்டால், 1907-இல் அவர்தம் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். நல்ல ஊதியத்தைத் துறந்து எளிய வாழ்க்கைப்படியை ஏற்றார். 1915-இல் கோகலே மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரை வந்தடைந்தது. 1919-இல் மத்தியச் சட்டமன்றத்தில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரையைப் பார்வையாளராக இருந்து கேட்ட காந்தியடிகள், அதன் வன்மையைத் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். அவ்வளவு வன்மையும் மசோதாவை நிறுத்தவில்லை, அது சட்டமாயிற்று. ஆள்வோர் முன்னரே முடிவு செய்துவிட்ட அவையில் எத்தகைய சொல்லும் பயன்படாது என்ற பாடத்தைச் சாஸ்திரியார் அன்றே கற்றிருக்க வேண்டும்.

1921-இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் முறைப்படி குடியமர்ந்த இந்தியர்க்குச் சமக் குடியுரிமை வேண்டும் என்று வாதிட்டார். தென்னாப்பிரிக்கா நீங்கலாக ஏனைய நாடுகள் அதனை ஏற்றன. அவ்வாண்டே பிரிவி கவுன்சில் உறுப்பினராகி மகாகனம் என்னும் பட்டம் பெற்றார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள இந்தியர்க்காகப் பேசினார். 1923-இல் கென்யா இந்தியர்க்காக இலண்டனில் போராடியபோதோ தோல்வியே கிடைத்தது. மேட்டுநிலங்கள் வெள்ளையர்க்கே என்று அவ்வாண்டு வெள்ளை அறிக்கை உறுதி செய்தது. பேரரசின் நேர்மையில் அவர் வைத்திருந்த நம்பிக்கையும் உடல்நலமும் ஒருசேர நலிந்தன.

நேட்டாலின் கரும்பும் கடைகளும்

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் தொகுதியினர் அதில் இருந்தனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் உருகிப் பாடியதை நாம் அறிவோம். நேட்டாலின் கரும்புக்கும் அதே கண்ணீரே பாய்ந்தது. கூலிகளைத் தொடர்ந்து வணிகர்கள் சென்றனர். குசராத்தியரே பெரும்பான்மையினர், ஒப்பந்தம் முடிந்து சிறு கடையும் காய்கறித் தோட்டமும் நடத்திய தமிழரும் பலர். அத்தகைய வணிகர் ஒருவரின் வழக்கிற்காகவே 1893-இல் காந்தியடிகள் அந்நாட்டிற்குச் சென்றார்.

1920-களில் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தில் ஏறத்தாழ 1,60,000 இந்தியர் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நேட்டாலில் இருந்தனர். அங்கே வெள்ளையர் தொகையும் இந்தியர் தொகையும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. சிறு இலாபத்திற்கு நெடுநேரம் கடை திறந்து வைத்த இந்திய வணிகரைக் கண்டு வெள்ளை வணிகர் அஞ்சினர். அந்த அச்சம் சட்டமாக உருவெடுத்தது. கடை உரிமம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பத்திற்கு விடப்பட்டன. 1924-இல் நேட்டால் நகராட்சிகளில் இந்தியர்க்கு இருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1925-இல் உள்துறை அமைச்சர் மலான் கொண்டுவந்த மசோதா, இந்தியர் தனி எல்லைக்குள் மட்டுமே நிலம் வாங்கவும் குடியிருக்கவும் வணிகம் செய்யவும் முடியும் என்ற நிலையை உண்டாக்கும் நோக்குடையது. மூன்று தலைமுறைகளாகக் கட்டிய கடையும் வீடும் ஒரு கையெழுத்தில் போய்விடும் என்று வணிகர் நடுங்கினர்.

கோகலே கற்பித்த பாடம்

இதற்கு முன்னரே ஒரு தலைவரின் பயணம் அந்நாட்டு இந்தியர்க்கு நம்பிக்கை அளித்து, பின் பொய்த்துப் போயிருந்தது. 1912 அக்டோபரில் கோகலே அங்குச் சென்றபோது ஒன்றிய அரசு அவரைத் தன் விருந்தினராக ஏற்றது. அரசின் தனிப் புகைவண்டிப் பெட்டி அவருக்காக விடப்பட்டது. ஊர்தோறும் வரவேற்பு நிகழ்ந்தது. காந்தியடிகளே உடன் சென்று ஏவல் செய்தார். பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் ஆகிய அமைச்சர்களைக் கண்டபின், ஒப்பந்தம் முடித்த இந்தியர்மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி நீங்கிவிடும் என்ற உறுதியோடு கோகலே திரும்பினார். ஆனால் அத்தகைய வாக்குறுதி எதனையும் தாங்கள் தரவில்லை என்று அமைச்சர்கள் பின்னர்க் கூறினர். அவ்வேமாற்றத்திலிருந்தே 1913-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளங்கொடி சிறை சென்று நோயுற்று 1914-இல் மாய்ந்தது அப்போராட்டத்தில்தான். வரி அதன்பின்னரே நீங்கிற்று.

தம் ஆசான் பட்ட அடியைச் சாஸ்திரியார் மறக்கவில்லை. தலைவர் ஒருவர் சென்று இனிது பேசி வரவேற்பு பெற்றுத் திரும்புவதால் மட்டும் வணிகன் கடை காப்பாற்றப்படுவதில்லை. சொன்ன சொல்லுக்கு ஏடு வேண்டும். ஏட்டைக் காக்க ஆள் அங்கேயே இருக்க வேண்டும். 1926, 1927-ஆம் ஆண்டுகளின் ஏற்பாடுகள் அனைத்தும் இவ்வுண்மையின் மேல் எழுந்தவை.

பயணத்திற்கு முன் நடந்த பயணங்கள்

முதலாவதாக, 1925-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தூதுக்குழுவை இந்திய அரசு அனுப்பியது. சென்னை மாகாணத்தின் தொழிலாளர் ஆணையராக இருந்த பாடிசன் அதன் தலைவர். இந்தியர் நிலையை ஆராயும் குழு என்பது அதற்கு இடப்பட்ட பெயர். உண்மையில் மசோதாவைத் தள்ளிவைக்கச் செய்வதே அதன் வேலை. 1926-இல் ஒன்றிய நாடாளுமன்றத்தின் தேர்வுக்குழுமுன் அது சான்றளித்தது. அவ்வாண்டு ஏப்ரலில், இரு அரசுகளும் வட்டமேசை மாநாட்டில் அமர்வது, அதுவரை மசோதாவை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று.

இரண்டாவது ஏற்பாடு மேலும் நுட்பமானது. தென்னாப்பிரிக்க அமைச்சர் பேயர்ஸ் தலைமையில் அந்நாட்டு அரசியலார் சிலர் 1926 இலையுதிர் காலத்தில் இந்தியாவிற்கு அழைக்கப்பட்டனர். இந்தியர் என்றால் தோட்டக் கூலியும் தெருவணிகரும் என்றே அறிந்திருந்தவர்கள், இந்நாட்டின் நகரங்களையும் கல்விக்கூடங்களையும் நேரில் கண்டனர். எதிர்வழக்காடுபவரை முதலில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி உபசரித்தபின் பேச்சைத் தொடங்குவது நம் ஊர்ப் பெரியோர் அறிந்த முறைதானே!

மூன்றாவதாக, மக்களிடையே களம் அமைக்கும் பணி நடந்தது. தீனபந்து ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்காவில் தங்கி, வெள்ளையர் திருச்சபைகளிடமும் இதழாசிரியர்களிடமும் இந்தியர் நிலையை எடுத்துரைத்துப் பகைமையைத் தணித்தார். இந்திய வணிகரிடமும் கூலிகளிடமும் பொறுமை காக்க வேண்டினார்.

1926 திசம்பரில் கேப்டவுனில் மாநாடு கூடியது. இந்தியக் குழுவின் தலைவர் சென்னை மாகாணத்தவரான முகமது ஹபிபுல்லா. சாஸ்திரியார், பாடிசன், கார்பெட், பிரோஸ் சேத்னா, டார்சி லின்ட்சே ஆகியோர் உறுப்பினர். கிரிஜா சங்கர் பாஜ்பாய் செயலர். பேச்சு நடந்தபோது செய்தி வெளியே கசியவிடப்படவில்லை. 1927 பிப்ரவரியில் இரு நாடுகளிலும் ஒரே நாளில் உடன்பாடு வெளியிடப்பட்டது. மலானின் மசோதா கைவிடப்பட்டது. அந்நாட்டிலேயே தங்க விழையும் இந்தியரின் கல்வியையும் வாழ்நிலையையும் உயர்த்தும் பொறுப்பை ஒன்றிய அரசு ஏற்றது. அதற்கு ஈடாக, தாமே விரும்பித் தாயகம் திரும்புவோர்க்கு உதவித்தொகை அளித்து அனுப்பும் திட்டத்தை இந்திய அரசு ஏற்றது. வயது வந்தோர்க்கு 20 பவுனும் சிறார்க்கு 10 பவுனும் என அது வரையறுக்கப்பட்டது. இவ்வுடன்பாடு நடைமுறைக்கு வருவதைக் கண்காணிக்க இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் அங்கேயே தங்குவது என்றும் முடிவாயிற்று. கோகலேக்குக் கிடைக்காத ஏடும் ஆளும் இவ்வாறு கிடைத்தன.

தூதர் தேர்வு

அந்த ஆள் யார்? அனைவர் பார்வையும் சாஸ்திரியார்மேல் விழுந்தது. அவரோ தயங்கினார். வயது 57; உடல்நலம் குன்றியிருந்தது. அரசு ஊழியம் ஏற்றால் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை விட வேண்டும். 1921-இல் தம் கோரிக்கையை ஏற்க மறுத்த ஒரே நாட்டிற்குச் செல்ல வேண்டும். காந்தியடிகள் தம் இதழில் எழுதியும் நேரில் வேண்டியும் அவரை இசையவைத்தார். அரசை எதிர்த்துச் சிறை புகுந்தவர், அரசின் தூதராகுமாறு தம் அண்ணனை வற்புறுத்திய விந்தை அது. இருபத்தொரு ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்த காந்தியடிகள், அங்குள்ள வெள்ளையரின் செருக்கைத் தணிக்கவல்ல நா எது என்பதை அறிந்திருந்தார்.

பதவியின் பெயரே பெருஞ்சிக்கல் உடையது. இலங்கைக்கும் மலேயாவிற்கும் இந்திய அரசு அனுப்பிய ஏஜண்டுகள் தோட்டத் தொழிலாளர் நலன் காக்கும் அலுவலர். தன்னாட்சி பெற்ற ஒன்றியத்தின் தலைமை அமைச்சரோடு அமர்ந்து பேச வேண்டிய சாஸ்திரியார்க்கும் அப்பெயரே வாய்த்தது. அவர் பெயரின் சிறுமையைப் பொருட்படுத்தாமல் தம் நடையால் அதற்கு மதிப்பேற்றினார். நிறவேற்றுமை நடைமுறையாயிருந்த நாட்டில், தூதராக வந்த ஓர் இந்தியர் எந்த விடுதியில் தங்குவார், எந்தப் பெட்டியில் ஏறுவார், எந்த மன்றத்தில் பேசுவார் என்பவை ஒவ்வொன்றும் அரசியல் வினாக்களாகவே இருந்தன. நாடாளுமன்றம் கேப்டவுனில், அரசு அலுவலகங்கள் பிரிட்டோரியாவில், இந்தியரோ டர்பனில். இம்மூன்றுக்கும் இடையே ஓயாது பயணம் செய்ய வேண்டியவர் அவர். தம் சங்கத்து இளைஞர் கோதண்டராவைச் செயலராக உடனழைத்துக்கொண்டு 1927 சூன் திங்களில் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார்.

அச்சம் தணித்த பதினெட்டுத் திங்கள்

அவரை எதிர்கொண்ட முதல் தடை வெள்ளையரிடமிருந்து வரவில்லை, இந்தியரிடமிருந்தே வந்தது. டிரான்ஸ்வால் வணிகருள் ஒரு பகுதியினர் கேப்டவுன் உடன்பாட்டை ஏற்காமல் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசிலிருந்து பிரிந்து நின்றனர். கல்வி உயரும் என்ற வாக்கு கடைக்காரனுக்கு என்ன உறுதி தரும் என்பது அவர்கள் வினா. அவ்வினாவில் நேர்மை இருந்தது. சாஸ்திரியார் பெருவாக்குறுதி எதனையும் அவர்களுக்கு அளிக்கவில்லை. கிடைத்தது இது, கிடைக்காதது இது என்று பிரித்துக் காட்டினார். அச்சம் கொண்டவனுக்கு ஆறுதல் சொல்பவர் உண்மையைக் குறைத்தே சொல்வது உலக இயல்பு. அந்த எளிய வழியை அவர் விலக்கினார்.

அவர்தம் செயல்களுள் சிலவற்றை இங்குக் குறிப்பிடலாம். ஒன்றிய நாடாளுமன்றத்தில் அப்போது வந்த மதுச் சட்ட மசோதாவின் ஒரு பிரிவு, விடுதிகளில் பணியாற்றிய இந்தியப் பரிசாரகர் பலரின் வேலையைப் பறிக்கும் தன்மையது. சாஸ்திரியார் அமைச்சரையும் உறுப்பினரையும் கண்டு வாதிட்டு அப்பிரிவு நீங்கச் செய்தார். டிரான்ஸ்வாலில் முறையான ஆவணமின்றிக் குடியேறியிருந்தோர் தம் நிலையை வெளிப்படுத்தினால் மன்னித்துத் தங்கவிடும் ஏற்பாடு 1928-இல் வந்தது. வெளிப்படுத்தினால் நாடு கடத்திவிடுவார்களோ என்று அஞ்சிய மக்களைத் தெளிவித்ததும் அவரே.

கல்வித் துறையில் அவர் கையாண்ட முறை தூதிற்கே இலக்கணம் எனலாம். இந்தியக் குழந்தைகளின் கல்விக்கென ஒன்றிய அரசு அளித்த மானியத்தில் ஒரு பகுதியை நேட்டால் மாகாணம் அவர்களுக்குச் செலவிடாமலே வைத்திருந்தது. இதனை மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைத்திருக்கும், பணம் கிடைத்திராது. சாஸ்திரியார் ஒரு விசாரணைக்குழு அமையச் செய்தார். இந்தியாவிலிருந்து கிச்லு, கார்டன் அம்மையார் என்னும் கல்வியறிஞர் இருவரை வரவழைத்துப் புள்ளிவிவரங்களை முறையாக முன்வைக்கச் செய்தார். உண்மை வெளிப்பட்டபின் கல்விச் செலவு உயர்ந்தது, பள்ளிகள் பெருகின.

உயர்நிலைக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் தரும் கல்லூரி ஒன்று டர்பனில் வேண்டும் என்று அவர் விழைந்தார். கட்டடச் செலவை இந்தியரே ஏற்க வேண்டும் என்றும், கட்டியபின் மாகாண அரசு நடத்த வேண்டும் என்றும் திட்டம் வகுத்தார். அச்சத்தோடு அவர்முன் வந்த வணிகரிடமே நிதி கேட்டார். நாளை இந்நாட்டில் இருப்போமா என்று ஐயுற்றவர்கள், பேரப்பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளிக்குப் பணம் தந்தனர். இதனினும் சிறந்த நம்பிக்கைச் சான்று வேறு வேண்டுமோ? 1929-இல் திறக்கப்பட்ட அக்கல்விக்கூடம் சாஸ்திரி கல்லூரி என்ற பெயர் பெற்றது. தமிழரும் குசராத்தியரும், இந்துக்களும் இசுலாமியரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்தனர்.

வெள்ளையர் மன்றங்களிலும் தேவாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. ஷேக்ஸ்பியரையும் இராமாயணத்தையும் ஒருங்கே அறிந்த அந்த நாவை, கூலி என்ற சொல்லன்றி இந்தியரைக் குறிக்க வேறு சொல் அறியாத செவிகள் வியந்து கேட்டன. எங்கும் மலர் தூவப்பட்டது என்று எண்ண வேண்டா. 1928-இல் கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் கூட்டம் ஒன்று கலகம் செய்து கலைத்தது. அரசு வருத்தம் தெரிவித்தது. சாஸ்திரியார் அதனைப் பெரிதாக்காமல் அடுத்த ஊருக்குச் சென்று பேசினார். அவ்வாண்டு அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தையும் மறுத்தார். 1929 சனவரியில் பதவிக்காலம் முடிந்து தாயகம் திரும்பினார்.

கொடுத்த விலை

வாழ்த்துவது மட்டும் வரலாறு ஆகாது. கேப்டவுன் உடன்பாட்டிற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை வணிகர் கொடுக்கவில்லை. உதவித்தொகை பெற்றுக் கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர்கள், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது ஊரும் இல்லை, உறவும் இல்லை. சாதிக் கட்டுப்பாடு பலரை ஏற்க மறுத்தது. கையிலிருந்த பவுன்கள் கரைந்தபின் சென்னைச் சேரிகளிலும் கல்கத்தாவின் மட்டியாபுருசிலும் ஒதுங்கி, மீண்டும் எக்கடலையேனும் கடக்க வழி தேடினர். 1931-இல் பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை இத்துயரை ஊரறியச் செய்தது. தங்கியவனின் அச்சம் தணிந்தது. திரும்பியவனின் அழுகை கேட்பாரற்றுப் போயிற்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மேலைநாட்டு வாழ்க்கைத் தரத்தை எட்டும் இந்தியரே தங்கத் தக்கவர் என்னும் கருத்து அவ்வுடன்பாட்டின் அடியில் ஓடியது. அம்மண்ணின் மக்களாகிய கறுப்பினப் பெரும்பான்மையோர்க்கு அவ்வுடன்பாட்டில் இடமே இல்லை. இந்தியர் வழக்கைத் தனித்து வைத்துக்கொண்டால் வெல்லலாம் என்று அன்றைய தலைவர் பலர் நம்பினர், சாஸ்திரியாரும் நம்பினார். இன்று நோக்குகையில் அந்நம்பிக்கையின் குறை தெளிவாகத் தெரிகிறது.

இறுதிக் காலம்

1929-இல் கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர்க்கு உதவச் சென்றார். 1930-லும் 1931-லும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் பங்குகொண்டார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகத் திகழ்ந்தார். அதனிடையே மலேயா சென்று இந்தியத் தொழிலாளர் நிலைபற்றி 1937-இல் அவர் அளித்த அறிக்கை, அங்குள்ள இந்தியரிடையே மனக்குறையை விளைத்தது. அவர் எதிர்க்காத கூலிக் குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசே தடை செய்ய வேண்டியதாயிற்று. சிறிது காலமே தங்கிச் சென்ற நாட்டில் அவர்தம் கணிப்பு பிழைத்தது. நீண்டு தங்கிய நாட்டிலோ அது பலித்தது.

தமிழ் கற்பிப்போராகிய எங்களுக்கு அவரிடம் ஒரு பிணக்கும் உண்டு. 1940-இல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல்லாக்கக் குழு அவர் தலைமையில் வடசொற்பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர் கிளர்ந்தெழுந்து எதிர்த்தனர். ஆங்கிலத்தில் ஒலி பிறழப் பொறாதவர், தாய்மொழியின் சொல்வளத்தை ஐயுற்றது வருந்தத்தக்கதே. பெரியோரின் குறையைச் சொல்வதால் அவர்தம் பெருமை குறைந்துவிடாது.

1944-இல் மயிலாப்பூரில் அவர் நிகழ்த்திய இராமாயணச் சொற்பொழிவுகள் அவர்தம் கடைசிப் பெருங்கொடை. இராமனை மனிதனாகக் கண்டு, மனித உள்ளத்தின் போராட்டங்களை எடுத்துரைத்தார். 1946 தொடக்கத்தில் சென்னை வந்த காந்தியடிகள், நோயுற்றிருந்த அண்ணனை மருத்துவமனையில் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த இரண்டாம் திங்களில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் இந்தியரின் நிலவுரிமையையும் குடியிருப்பையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 1925-இல் எழுந்து பின் தள்ளிவைக்கப்பட்ட அச்சம் இருபத்தோராண்டுக்குப்பின் வேறு பெயரில் வந்து சேர்ந்தது. இந்தியா அந்நாட்டோடு வணிக உறவை முறித்து, வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. 1948-இல் மலானே தலைமை அமைச்சராகி நிறவெறியை ஆட்சிக் கொள்கையாக்கினார். அந்நாட்டு மக்கள் அனைவரும் நிறவேறுபாடின்றி வாக்களிக்க 1994-ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்வாறாயின் சாஸ்திரியாரின் தூது வீணாயிற்றோ? அவர் சென்ற பயணத்தால் வணிகர்க்குக் கிடைத்தது முடிவான பாதுகாப்பன்று. சில ஆண்டுக் கால அவகாசம். அந்த அவகாசத்தை அவர் பள்ளியாக மாற்றினார். உடன்பாட்டை அரசுகள் மறந்தன, ஏடு காலாவதியாயிற்று, மேடைகளில் ஒலித்த வெள்ளிநாவின் உரைகள் காற்றோடு கலந்தன. சாஸ்திரி கல்லூரியில் பயின்ற பிள்ளைகளோ ஆசிரியராயினர், மருத்துவராயினர், வழக்கறிஞராயினர். அவர்களுள் பலர் கறுப்பின மக்களோடு கைகோத்து நிறவெறியை எதிர்த்து நின்றனர். தூதர் தனித்து வைக்க எண்ணிய வழக்கை அவர் கட்டிய பள்ளியின் பிள்ளைகள் எல்லார்க்கும் பொதுவாக்கினர்.

கவிஞர்களாகிய நாமும் சொல்லை நம்பி வாழ்பவர்களே. நம் சொல்லைக் கேட்டு எவரேனும் ஒருவர் அச்சம் தணிவாராயின், அவ்வாறு தணிந்த நாழிகையில் அவர்க்கு நாம் எதனைக் கட்டித் தருகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வறண்ட நிலத்தில் சொல்லைப் பயிராக்கி வரும் நம் இலக்கிய வட்டத்திற்குச் சாஸ்திரியாரின் வாழ்வு அவ்வினாவையே விட்டுச் செல்கிறது. வட்டம் வளர்க! அதன் சொல் பயன் தருக!